கல்லாச் சாவியைக் கொடுத்த பின் அயல்நாட்டில் பள்ளித் தொண்டு: போகுமுன் போடவேண்டிய கணக்கு



சென்ற தை மாதம் நம் சங்க உறுப்பினர் ஒருவர் என் கடைக்கு வந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் பருப்பு மண்டி நடத்தியவர். வயது 63. மனைவி காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. மண்டியை இப்போது பையன் பார்த்துக்கொள்கிறான்.

"காலையில் நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது அண்ணாச்சி. எழுந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. மண்டிக்குப் போய் உட்கார்ந்தால் பையனுக்குக் குறுக்கே நிற்கிற மாதிரி இருக்கிறது" என்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டறிக்கையை எடுத்தார். வழவழப்பான தாள், வண்ணப்படங்கள். நேபாளத்தில் ஆதரவற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஓர் இல்லம். அங்கே இரண்டு வாரம் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம். வயது தடையில்லை, அனுபவம் தேவையில்லை. நடுவில் மூன்று நாள் மலைச் சுற்றுலாவும் உண்டு. முன்பணம் கட்டினால் இடம் உறுதி. "போகலாமா, சொல்லுங்கள்" என்றார்.

சரக்கைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. "விசாரித்துச் சொல்கிறேன், அதுவரை பணம் அனுப்பாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினேன். விசாரித்ததில் தெரிந்தவை அவருக்கு மட்டும் உரியவை அல்ல. கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, உடம்பில் தெம்பும் கையில் ஓரளவு பணமும் உள்ள உறுப்பினர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

கடலை வியாபாரியின் மனைவி

வயதான காலத்தில் அயல்நாட்டுத் தொண்டு என்றதும் நம்மவர்கள் அறியவேண்டிய ஒருவர் லில்லியன் கார்ட்டர். பிறந்தது 1898. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரில் வாழ்ந்தவர், தொழில்முறை நர்ஸ். கணவர் நிலக்கடலை வியாபாரமும் கடையும் வைத்திருந்தவர். 1953-ல் கணவர் இறந்தார். கடற்படையில் இருந்த மூத்த மகன் வேலையை விட்டுவிட்டு வந்து குடும்பத் தொழிலை ஏற்றுக்கொண்டார். நம் குடும்பங்களில் நடக்கிற கதைதான்.

1966-ல் ஒருநாள் தொலைக்காட்சியில் "அமைதிப் படை" என்ற அமெரிக்கத் தொண்டர் அமைப்பின் விளம்பரத்தை அந்த அம்மையார் பார்த்தார். 1961-ல் அதிபர் கென்னடி காலத்தில் தொடங்கப்பட்ட அரசு அமைப்பு அது. வயது ஒரு தடையல்ல என்றது விளம்பரம். விண்ணப்பித்தார். பயிற்சியும் மொழிப்பாடமும் முடித்து, 68 வயதில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். பம்பாயை அடுத்த விக்ரோலியில் கோத்ரெஜ் தொழிற்சாலைக் குடியிருப்புப் பகுதியில் அவருக்கு வேலை. முதலில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்தில் போட்டார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு மருத்துவமனைப் பணி கிடைத்தது. இருபத்தோரு மாதங்கள் இருந்து, 1968-ல் ஊர் திரும்பினார்.

அந்த நாட்களில் ஒரு தோட்டக்காரர் அவருக்குப் பூவும் காய்கறியும் கொண்டுவந்து கொடுப்பாராம். பதிலுக்கு இவர் தோட்டக்காரரின் சிறுமகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பெண் பின்னாளில் கல்வித் துறையில் பெரிய பொறுப்புக்கு உயர்ந்தார் என்று லில்லியனின் மகன் பெருமையோடு சொல்லியிருக்கிறார். கடலை வியாபாரத்தைக் கவனிக்க ஊர் திரும்பிய அந்த மகன்தான், 1976 தேர்தலில் வென்று அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டர். ஐம்பது வயதுக்கு மேல் தொண்டாற்றிய அமைதிப் படையினருக்கான விருதுக்கு அந்த அம்மையாரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அமைதிப் படையில் அமெரிக்கக் குடிமக்கள்தான் சேரமுடியும். நமக்கு அங்கே வழியில்லை. ஆனால் அந்த அமைப்பின் நடைமுறையைக் கவனியுங்கள். முதலில் விண்ணப்பதாரரைப் பற்றிய விசாரணை. பிறகு மொழிப் பயிற்சி. பிறகு ஏறக்குறைய இரண்டு வருடப் பணி. நண்பரின் துண்டறிக்கையில் விசாரணை இல்லை, மொழி இல்லை, காலம் இரண்டே வாரம். விசாரிக்காமல் ஆளைச் சேர்க்கிற இடத்தில் பொறுப்பான வேலை இருக்காது என்பது கடையில் ஆள் வைத்துப் பழகிய நமக்குத் தெரியாததா?

தேவை வந்தால் சரக்கு வரும்

இந்தக் கட்டுரையில் மற்றவற்றை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்கவேண்டாம்.

கார்த்திகை மாதம் மாலைக்குக் கிராக்கி என்றால் கடைத்தெரு முழுவதும் மாலை தொங்கும். கேட்கிற ஆள் இருந்தால் சரக்கு எங்கிருந்தாவது வந்து சேரும். இது நம் தொழிலின் பாலபாடம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், "அனாதைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும், அதற்குப் பணமும் தருகிறோம்" என்று வரிசையில் நின்றால் என்ன நடக்கும்? அனாதைக் குழந்தைகளும் எங்கிருந்தாவது வந்து சேர்வார்கள். அதுதான் நடந்தது.

நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர். வடமேற்கு மூலையில் ஹும்லா என்ற மலை மாவட்டம். பிள்ளைகளைப் போராளிகள் பிடித்துப்போய்விடுவார்களோ என்று பெற்றோர் பயந்திருந்த நேரம். தரகர்கள் வந்தார்கள். "காத்மாண்டுவில் நல்ல பள்ளியில் சேர்த்துப் படிக்கவைக்கிறோம்" என்றார்கள். நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் பெற்றோர் பணம் கொடுத்தார்கள். பிள்ளைகள் நகரத்துக்கு வந்து சேர்ந்ததும் அனாதைகளாகிவிட்டார்கள்.

2004-ல் கானர் கிரெனன் என்ற அமெரிக்க இளைஞர் காத்மாண்டு அருகே கோதாவரி என்ற ஊரில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் தொண்டாற்றப் போனார். அங்கிருந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருப்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. 2006-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். மலை மாவட்டத்துக்கு நடந்தே போய், ஒவ்வொரு வீடாகப் பெற்றோரைத் தேடிப் பிள்ளைகளைச் சேர்க்கும் வேலையில் இறங்கினார். நல்ல எண்ணத்தோடு போன மனிதர், தான் போனதே அந்தச் சந்தையின் ஒரு பகுதி என்பதைக் கண்டுகொண்டார்.

கம்போடியாவின் நிலை இன்னும் தெளிவு. அங்கே போர் ஓய்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் 2005-க்கும் 2010-க்கும் இடையே குழந்தைகள் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. 2011-ல் யூனிசெப் ஆதரவோடு வெளிவந்த ஆய்வு அந்தக் கணக்கைச் சொன்னது. இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். அனாதைகள் பெருகியதால் இல்லங்கள் பெருகவில்லை. பார்க்க வருகிறவர்களும் பணம் தருகிறவர்களும் பெருகியதால்தான் பெருகின. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானமும் இத்தகைய சுற்றுலாத் தொண்டினால் குழந்தைகளுக்கு வரும் தீங்கைக் குறிப்பிட்டது.

ஒழுங்காக நடக்கும் இல்லத்திலும் இரண்டு வாரத் தொண்டர்களால் பிள்ளைகளுக்கு நன்மை இல்லை. ஒருவர் வருவார், தூக்கிக் கொஞ்சுவார், பாட்டுச் சொல்லிக்கொடுப்பார், கண்ணீரோடு விடைபெறுவார். மறுவாரம் இன்னொருவர் வந்து அதே பாட்டைச் சொல்லிக்கொடுப்பார். வருடம் முழுவதும் இப்படிப் பிரிவையே பார்க்கிற பிள்ளையின் மனம் என்ன ஆகும்? பேரப்பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

பின்னால் நிற்கும் பாட்டி

அப்படியானால் வயதானவர்களால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயனே இல்லையா? நிறைய உண்டு. அது பாடம் நடத்துவதில்தான் இருக்கிறது என்று நினைப்பதுதான் தவறு.

டெல்லியில் 1999-ல் சுவரில் துளைபோட்டுக் கணிப்பொறி வைத்து, குடிசைப் பிள்ளைகள் தாமாகக் கற்பதைக் காட்டியவர் சுகதா மித்ரா என்ற பேராசிரியர். அவரே பின்னர் காளிக்குப்பம் என்ற தென்னிந்தியக் கடற்கரைக் கிராமத்தில் ஒரு சோதனை செய்தார். தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் உயிரியல் தொழில்நுட்பப் பாடங்களைக் கணிப்பொறியில் போட்டுவைத்துவிட்டு வந்துவிட்டார். சில மாதங்களில் பிள்ளைகள் தாமாகவே 30 சதவீத மதிப்பெண் அளவுக்கு வந்தார்கள். அதற்குமேல் எப்படிக் கொண்டுபோவது?

உள்ளூரில் கணக்கெழுதும் வேலை பார்த்த 22 வயதுப் பெண் ஒருவரை அழைத்தார். அவருக்கு அந்தப் பாடம் தெரியாது. "பாட்டிமார் செய்வதைச் செய்தால் போதும். பின்னால் நின்றுகொண்டு, அடேயப்பா, இது எப்படிச் செய்தாய், இன்னொரு தடவை காட்டு என்று கேட்டுக்கொண்டே இரு" என்பதுபோல் அவருக்கு யோசனை சொல்லப்பட்டது. மேலும் இரண்டு மாதங்களில் மதிப்பெண் 50 சதவீதத்தைத் தொட்டது என்பது மித்ரா தரும் கணக்கு.

பிறகு 2009-ல் அவர் இங்கிலாந்தில், வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய பாட்டிமார் தேவை என்று ஒரு செய்தித்தாள் வழியாகக் கேட்டார். நூற்றுக்கணக்கானவர்கள் முன்வந்தார்கள். அப்போதிருந்த ஸ்கைப் மூலம் இங்கிலாந்தில் தங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே இந்தியப் பிள்ளைகளுக்குக் கதை படித்தார்கள், பேச்சுக் கொடுத்தார்கள். அயல்நாட்டுப் பள்ளித் தொண்டுக்கு விமானம் ஏறித்தான் ஆகவேண்டும் என்பதில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் கவனிக்கவும்.

நம் கைத்தொழில் அங்கே உதவும்

மளிகைக்காரரிடம் பட்டம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடங்களுக்குத் தேவைப்படும் பல விஷயங்கள் நம் விரல் நுனியில் இருக்கின்றன.

முதலாவது, மனக்கணக்கு. முக்கால் கிலோ என்ன விலை, ஐந்நூறு ரூபாய்க்கு மீதி எவ்வளவு என்று பெருக்கல் வாய்ப்பாட்டை வியாபாரமாக விளையாடவைக்க நம்மைவிட ஆள் யார்? காலி டப்பாக்கள், ஒரு தராசு, அட்டையில் எழுதிய காசு இருந்தால் வகுப்பறை கடையாகிவிடும். எண்கள் எந்த நாட்டிலும் எண்கள்தான். வார்த்தை தெரியாவிட்டாலும் விளையாட்டு நடக்கும்.

இரண்டாவது, சரக்கறை. மதிய உணவு போடும் பள்ளிகளில் அரிசி மூட்டையைச் சுவரை ஒட்டித் தரையிலேயே அடுக்கிவைப்பதைப் பார்க்கலாம். ஈரம் ஏறிப் புழு வைக்கும். மூட்டைக்கு அடியில் மரப்பலகை, சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே ஆள் கை போகிற இடைவெளி, முந்தி வந்த மூட்டை முந்திச் செலவாகும்படி அடுக்கு, இவ்வளவுதான் வித்தை. இருப்புப் புத்தகத்தில் வரவு, செலவு, மீதி என்று மூன்று பத்தி போட்டு, அன்றன்றைக்கு எழுதி, மாதம் ஒருமுறை மூட்டையை எண்ணிச் சரிபார்க்கக் கற்றுக்கொடுத்தால், வீணாகும் அரிசி பிள்ளையின் தட்டுக்கு வரும்.

ஆனால் ஒன்று. அந்தப் புத்தகத்தை நாமே எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. உள்ளூர் ஆள் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் மாதம் நாம் எழுதி அவர் பார்க்க, இரண்டாம் மாதம் அவர் எழுதி நாம் பார்க்க, மூன்றாம் மாதம் அவரே எழுதவேண்டும். நாம் ஊர் திரும்பி ஆறு மாதம் கழித்தும் புத்தகம் எழுதப்படுகிறதா என்பதுதான் நம் தொண்டின் லாப நட்டக் கணக்கு.

முன்பணம் கொடுக்குமுன் கேட்கவேண்டியவை

1. பிள்ளைகள் மாலையில் எங்கே போகிறார்கள்? பெற்றோரிடம் திரும்பும் பகல்நேரப் பள்ளியாக இருப்பது நல்லது. தங்கிப் படிக்கும் இல்லமென்றால், ஒவ்வொரு பிள்ளையும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

2. நம்மைப் பற்றி விசாரிக்கிறார்களா? காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்டால் கோபப்படாதீர்கள், சந்தோஷப்படுங்கள். நம் பாஸ்போர்ட் அலுவலகம் மூலமாக அதைப் பெறலாம். நம்மை விசாரிக்காதவர்கள், நமக்குப் பின்னால் வருகிற கெட்டவனையும் விசாரிக்கமாட்டார்கள்.

3. நாம் செய்யப்போகும் வேலையை உள்ளூர்க்காரர் ஒருவர் சம்பளத்துக்குச் செய்யமுடியுமா? முடியுமென்றால், நாம் போவதைவிட அந்தச் சம்பளத்தை அனுப்புவதே மேல். இலவசமாக வேலை செய்து ஓர் ஏழை ஆசிரியரின் பிழைப்பைக் கெடுத்தால் அது தொண்டாகாது.

4. கட்டணம் எங்கே போகிறது? பள்ளிக்கு எவ்வளவு, தங்க, சாப்பிட எவ்வளவு, இடைத்தரகருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ரசீது தராதவரிடம் நாம் சரக்கு வாங்குவதில்லை.

5. எவ்வளவு காலம்? மூன்று மாதத்துக்குக் குறைந்தால் பிள்ளைகளோடு பழகும் வேலையே வேண்டாம். சரக்கறை, கணக்கு, கட்டட வேலை என்று பெரியவர்களோடு இருந்துவிட்டு வரலாம்.

6. கடைசியாக, அந்த ஊர் மளிகைக்காரரைக் கேளுங்கள். பள்ளிக்கு அரிசி, பருப்பு போடுகிறவர் அவர். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை மூட்டை போகிறது, பாக்கி ஒழுங்காக வருகிறதா, அரிசியின் தரம் என்ன என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நூறு பிள்ளைகள் என்று துண்டறிக்கை சொல்லி, நாற்பது பிள்ளைக்கான அரிசிதான் போகிறது என்றால், அந்தக் கணக்கை வேறு யாரும் நமக்குச் சொல்லவேண்டியதில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

இந்தியர்கள் நேபாளம் செல்ல விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அடையாள அட்டை போதும். நம் 100 ரூபாய் அங்கே 160 நேபாள ரூபாய். 1993-லிருந்து இந்த விகிதம் மாறவில்லை. காத்மாண்டு ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காட்டில் மூச்சு வாங்காதவருக்கு அங்கேயும் வாங்காது. ஆனால் மார்கழிக் குளிருக்குக் கம்பளி வேண்டும். புரட்டாசி, ஐப்பசி வாக்கில் வரும் தசைன் பண்டிகைக்குப் பள்ளிகள் பல நாட்கள் மூடியிருக்கும், அந்த நேரத்தைத் தவிர்க்கவும். எழுத்து தேவநாகரி. மண்டி வியாபாரத்தில் இந்தி பேசிப் பழகியவர்கள் சமாளித்துக்கொள்ளலாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை முழுக் காலத்துக்கும் மருத்துவர் சீட்டோடு எடுத்துச் செல்லவும். மருத்துவக் காப்பீடு அயல்நாட்டில் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளவும்.

அமெரிக்காவிலோ பிற நாடுகளிலோ மகன், மகள் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு வேறொரு வாய்ப்பு உண்டு. நம் பிள்ளைகள் குடியேறிய நகரங்கள் பலவற்றில் வாரக் கடைசித் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. 1998-ல் தொடங்கிய கலிபோர்னியா தமிழ்க் கழகம் போன்றவை இதில் முன்னோடிகள். பாடம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் ஊதியம் வாங்காத பெற்றோர்களே. அங்கே பிறந்த பிள்ளைக்கு, அம்மா அப்பாவைத் தவிர வேறொரு பெரியவரோடு தமிழில் பேசக் கிடைப்பதே அரிது. உளுந்துக்கும் துவரைக்கும் வித்தியாசம் சொல்லி, ஆழாக்கு, படி என்று அளந்துகாட்டுகிற தாத்தா அந்த வகுப்புக்கு ஒரு புத்தகத்துக்குச் சமம். ஆனால் சுற்றுலா விசாவில் போகிறவர் சம்பள வேலை செய்யக்கூடாது. தொண்டாக இருந்தாலும் அந்த நாட்டு விதி என்ன என்று பள்ளி நிர்வாகத்திடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளவேண்டும்.

நண்பர் என்ன செய்தார்?

இவ்வளவையும் சொன்னபோது நண்பர் வெகுநேரம் பேசவில்லை. "பிள்ளைகளோடு கொஞ்ச நாள் இருக்கலாம் என்றுதான் அண்ணாச்சி ஆசைப்பட்டேன்" என்றார். அந்த ஆசையில் தப்பில்லை. வீட்டில் பேச ஆளில்லாத மனிதருக்கு அது இயற்கை. ஆனால் நம் தனிமைக்கு மருந்தாக அடுத்தவர் பிள்ளையைக் கேட்கக்கூடாது என்பதை அவரே புரிந்துகொண்டார். முன்பணம் அனுப்பவில்லை.

இப்போது தலைமை ஆசிரியர் அனுமதியோடு, வாரம் மூன்று நாள் தம் தெருவிலுள்ள ஊராட்சிப் பள்ளிக்குப் போகிறார். ஐந்தாம் வகுப்பில் கடை வைத்து விளையாடுகிறார்கள். முதல் வாரம் பிள்ளைகள் மீதிச் சில்லறையில் அவரை ஏமாற்றிவிட்டார்களாம். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு.

பழைய பருப்பு வியாபாரத் தொடர்பில், எல்லை தாண்டி வீரகஞ்சில் உள்ள ஒரு வியாபாரிக்குக் கடிதமும் போட்டிருக்கிறார். பிள்ளைகள் மாலையில் வீட்டுக்குப் போகிற, கடைப் பாக்கி வைக்காத பள்ளி ஏதாவது பக்கத்தில் இருந்தால் எழுதும்படி கேட்டிருக்கிறார். பதில் வந்து, அந்தப் பள்ளியும் இவரை விசாரித்து, ஆள் தேவை என்று சொன்னால், அடுத்த சித்திரைக்குப் பிறகு மூன்று மாதம் போவதாக உத்தேசம்.

அவர் வைத்த வரிசையையே நானும் உங்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். முதலில் நம் கடைத்தெருப் பள்ளிக்கூடம். மூன்று மாதம் கழித்து அந்தத் தலைமை ஆசிரியர், "நாளைக்கும் வாருங்கள்" என்று சொன்னால், அதற்குப் பிறகு பாஸ்போர்ட்டை எடுக்கலாம்.